பழவேற்காட்டு மாமியார், பிரெஞ்சு மருமகள்: ஹியூகனோ வம்சாவளியைத் தேடும் வழி

மதத்துக்காகப் பிரான்சிலிருந்து தப்பி ஓடிய ஹியூகனோக்களின் வம்சம் என்று பெருமை பேசும் குடும்பங்களில் பெரும்பாலும் ஒரே கதைதான் உலவுகிறது. மூதாதை ஒரு பிரபு. ராஜாவின் சிப்பாய்கள் கதவைத் தட்டிய இரவில் கைக்குழந்தையை ஒயின் பீப்பாய்க்குள் ஒளித்துவைத்துக் கப்பலேறினார். கோட்டையும் நிலமும் பட்டமும் போயின, பைபிள் மட்டும் மிஞ்சியது. லண்டனிலும் தென் கரோலினாவிலும் கேப் டவுனிலும் இதே கதையைச் சின்னச் சின்ன மாற்றங்களோடு கேட்கலாம். பீப்பாய்களில் ஒளிந்து தப்பியவர்கள் இருந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் தப்பியவர்களில் பிரபுக்கள் சொற்பம். நெசவாளி, தொப்பி செய்பவர், செருப்புத் தைப்பவர், திராட்சைத் தோட்டக்காரர், சில்லறை வியாபாரி, இவர்கள்தான் அதிகம். கோட்டையைத் தேடிக் கிளம்புகிறவர் பத்து வருடம் தேடினாலும் வீடு போய்ச் சேரமாட்டார்.

ஹியூகனோக்கள் என்பவர்கள் கால்வின் வழியைப் பின்பற்றிய பிரெஞ்சு புரொட்டஸ்டன்ட்டுகள். 1572இல் பாரிசில் தொடங்கிய பர்த்தொலொமேயு நாள் படுகொலையையும் அதற்கு முன்னும் பின்னும் நடந்த உள்நாட்டுப் போர்களையும் தாண்டிவந்தவர்களுக்கு, 1598இல் நான்காம் ஹென்றி மன்னர் நான்ட் ஆணை மூலம் வழிபாட்டுரிமை கொடுத்தார். அவருடைய பேரன் பதினான்காம் லூயி அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்தார். 1681 முதல் குதிரைப்படைச் சிப்பாய்களை ஹியூகனோ வீடுகளில் தங்கவைத்தார்கள். மதம் மாறும்வரை அவர்களுக்குச் சோறு போட்டு, அடி உதையும் வாங்கவேண்டும். 1685 அக்டோபரில் நான்ட் ஆணை முழுதாக ரத்தானது. போதகர்கள் 15 நாளில் நாட்டைவிட்டு வெளியேறவேண்டும். மற்றவர்கள் வெளியேறவே கூடாது. எல்லையில் பிடிபட்ட ஆணுக்குத் துடுப்புக் கப்பலில் அடிமைத் தண்டனை, பெண்ணுக்குச் சிறை. அப்படியும் ஒன்றரை முதல் இரண்டு லட்சம் பேர்வரை தப்பிப் போனார்கள் என்பது வரலாற்றாசிரியர்களின் கணிப்பு.

பரம்பரை தேடுகிறவருக்கு இதில் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. நாட்டைவிட்டுப் போவதே குற்றம் என்பதால், போனவர் எவரும் பதிவு செய்துவிட்டுப் போகவில்லை. பயணச்சீட்டு கிடையாது, வெளியேறியோர் பட்டியல் கிடையாது. காகிதம் எல்லாம் போய்ச் சேர்ந்த இடத்தில்தான் உருவானது. அதைச் செய்தவர்களும் அகதிகள் அல்ல. அவர்களுக்கு இடம் கொடுத்த சபை, வேலை கொடுத்த கம்பெனி, கடன் கொடுத்த அலுவலகம், செத்தபின் சொத்தைப் பங்கிட்ட அதிகாரி ஆகியோர் செய்தது. ஓடிவந்த கதையை வைத்துக்கொண்டு ஒரு தலைமுறைகூடப் பின்னே போகமுடியாது. கணக்குப்பிள்ளையின் ஏட்டை வைத்துக்கொண்டு போகலாம். ஆகவே வாசலிலிருந்து தெருவுக்கு நடப்பதுபோல, தெரிந்த தாத்தாவிலிருந்து தொடங்கி ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னே நடப்பதே ஒழுங்கான வழி. பிரான்சுக்கு நேரே தாவிக் குதித்து, அங்கே அதே குடும்பப் பெயருள்ள ஒரு பிரபுவைக் கண்டுபிடித்து, அவரோடு முடிச்சுப் போடுவதுதான் இந்தத் துறையில் அன்றாடம் நடக்கும் கூத்து.

லண்டனில் வந்திறங்கியவர்களுக்குப் பெரிய ஆதாரம் பிரெஞ்சு சபைகளின் ஏடுகள். ஆறாம் எட்வர்ட் மன்னர் 1550இல் அந்நிய புரொட்டஸ்டன்ட்டுகளுக்குக் கொடுத்த சாசனத்தில் பிறந்த த்ரெட்நீடில் வீதிச் சபைதான் இவற்றில் தாய்ச்சபை. ஞானஸ்நானம், கல்யாணம் போன்ற வழக்கமான பதிவுகளைவிட அங்கே சுவையானவை இரண்டு. ஒன்று, நற்சாட்சிக் கடிதங்கள். முன்பு இருந்த சபையிலிருந்து “இவர் நம்மவர்” என்று எழுதி வாங்கிவந்து காட்டினால்தான் நற்கருணையில் பங்கு. அந்தக் கடிதம் எந்த ஊர்ச் சபையிலிருந்து வந்தது என்பதையும் ஏட்டில் எழுதிவைத்தார்கள். குடும்பத்தின் சொந்த ஊர் கிடைக்கும் அபூர்வமான இடங்களில் இது ஒன்று. இரண்டாவது, பாவ அறிக்கைகள். சிப்பாய்களின் உபத்திரவம் தாங்காமல் பிரான்சில் கத்தோலிக்கராகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு தப்பிவந்தவர்கள், சபை முன்னால் எழுந்து நின்று அதை ஒப்புக்கொள்ளவேண்டும். வீரதீர மூதாதையைத் தேடிப்போகும் பேரப்பிள்ளைகளுக்கு இந்தப் பக்கம் கசக்கும். எனக்கென்னவோ அந்த மனிதர்கள் இங்கேதான் ரத்தமும் சதையுமாகத் தெரிகிறார்கள். 1885இல், ஆணை ரத்தான இருநூறாம் ஆண்டில், லண்டனில் தொடங்கிய ஹியூகனோ சங்கம் இந்த ஏடுகளையெல்லாம் வரிசையாக அச்சிட்டுவிட்டது.

கிழக்கு லண்டனில் ஸ்பிடல்ஃபீல்ட்ஸ் பட்டு நெசவாளிகளின் பகுதி. அங்கே 1743இல் அவர்கள் கட்டிய தேவாலயம் பிரிக் லேன் தெருவில் இன்றும் நிற்கிறது. பின்னாளில் மெதடிஸ்ட் கோயிலாகி, 1898இல் யூதர்களின் தொழுகைக்கூடமாகி, 1976 முதல் வங்காள முஸ்லிம்களின் பள்ளிவாசலாக இருக்கிறது. கென்ட் மாவட்டத்தின் ராச்செஸ்டரில் இருக்கும் ‘பிரெஞ்சு மருத்துவமனை’ இன்று மருத்துவமனை அல்ல, முதியோர் குடியிருப்பு. 1718இல் சாசனம் பெற்ற அந்த அறக்கட்டளையில் ஹியூகனோ வம்சத்தவருக்குத்தான் இடம். வயதான காலத்தில் ஒரு வீட்டுக்காகப் பரம்பரையை நிரூபிக்கும் கட்டாயம் இங்கே நிஜமாகவே உண்டு.

நெதர்லாந்தில் வேலை இன்னும் சுலபம். அங்கிருந்த பிரெஞ்சு மொழிச் சபைகளுக்கு வல்லோன் சபைகள் என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவற்றின் ஏடுகளிலிருந்து ஒவ்வொரு பெயரையும் தனித்தனி அட்டையில் எழுதிவைத்தார்கள். அந்த லட்சக்கணக்கான அட்டைகள் அகர வரிசையில் இருக்கின்றன. லண்டனுக்கோ பெர்லினுக்கோ ஆப்பிரிக்காவுக்கோ போன பலர் ஒன்றிரண்டு வருடம் ஹாலந்தில் தங்கியவர்கள் என்பதால், வழி தவறிய குடும்பத்தை முதலில் இங்கே தேடுவது நல்லது.

தேதிகளில் ஒரு வில்லங்கம் உண்டு. பிரான்ஸ் 1582இலேயே கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்து 1752வரை மாறவில்லை. ஆணை ரத்தானபோது இரண்டுக்கும் பத்து நாள் வித்தியாசம். போதாததற்கு இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்தது. 1687 பிப்ரவரி என்று ஆங்கிலேய எழுத்தர் எழுதியது பிரெஞ்சுக்காரருக்கு 1688 பிப்ரவரி. இது தெரியாமல், கல்யாணத்துக்கு முன்பே பிள்ளை பிறந்ததாகச் சில நல்ல குடும்பங்களின் மேல் பழி விழுந்திருக்கிறது.

குடும்பப் பெயரை மட்டும் நம்புவது இன்னொரு பள்ளம். பிரெஞ்சுச் சாயலுள்ள ஆங்கிலப் பெயர்களில் பல, 1066இல் வந்த நார்மன்களுடையவை. மறுபுறம், பாஸ்டன் நகரின் புகழ்பெற்ற வெள்ளித் தட்டான் பால் ரெவீரின் அப்பா, அப்போலோஸ் ரிவ்வார் என்ற பெயரோடு சிறுவனாக வந்திறங்கிய ஹியூகனோ. உள்ளூர்க்காரர்கள் கூப்பிட வசதியாக அவரே பெயரை மாற்றிக்கொண்டார்.

இன்றைய தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குப் போனவர்கள் இருநூறு பேர் அளவுக்கே இருக்கும். ஆனால் உலகிலேயே நுணுக்கமாகத் தேடப்பட்ட ஹியூகனோ கிளை அதுதான். காரணம், அந்தக் குடியேற்றத்தை நடத்தியது டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி. கணக்கு எழுதாமல் ஒரு ஆணிகூட விற்காத நிறுவனம் அது. கோதுமையும் ஒயினும் விளைவிக்க ஆள் தேவைப்பட்ட கம்பெனி, ஹாலந்தில் முடங்கிக் கிடந்த அகதிகளுக்கு இலவசப் பயணமும், நிலமும், கடனில் விதையும் கருவியும் தருவதாகச் சொன்னது. விசுவாசப் பிரமாணம் எடுக்கவேண்டும், குறைந்தது ஐந்து வருடம் அங்கேயே இருக்கவேண்டும். 1687 டிசம்பர் கடைசி நாளில் முதல் கப்பல் வோர்ஸ்கோட்டன் கிளம்பியது. அடுத்த ஓராண்டுக்குள் ஓஸ்டர்லாண்ட், போர்சன்பர்க், பெர்க் சைனா, சவுத் பெவெலாண்ட் முதலிய கப்பல்கள் முனையை அடைந்தன.

முனையின் ஆட்சியாளர் சீமோன் வான் டெர் ஸ்டெல், பிரெஞ்சுக்காரர்கள் ஒரே கூட்டமாகத் திரள்வதை விரும்பவில்லை. டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர் என்று மாற்றி மாற்றி நிலம் கொடுத்தார். 1701இல் கம்பெனி இயக்குநர்கள் பள்ளியில் டச்சு மட்டும் போதும் என்று முடிவெடுத்தார்கள். இரண்டு தலைமுறையில் வீட்டிலும் பிரெஞ்சு நின்றுபோனது. எழுத்தர் காதில் விழுந்தபடி எழுத, வில்லியோன் என்பது ஃபில்யூன் ஆனது, குரோனியே குரோன்ஜே ஆனது, லெக்ளேர் டி கிளர்க் ஆனது. கடைசி வெள்ளை அதிபர் எஃப். டபிள்யூ. டி கிளர்க்கின் பெயர் அப்படி வந்ததுதான். நடிகை சார்லிஸ் தெரோனின் பெயரும் ஹியூகனோப் பெயரே.

பேச்சு மொழி போனாலும் ஊர்ப் பெயர் போகவில்லை. ஃபிரான்ஷூக் பள்ளத்தாக்கில் ஒயின் தயாரிக்கும் பண்ணைகளின் பெயர்ப் பலகைகளைப் பார்த்தாலே பாதி வரைபடம் கிடைத்துவிடும். லார்மாரின்ஸ், கப்ரியேர், லா மோத். மூன்றும் தென் பிரான்சின் லூபெரோன் மலையடியில் ஒன்றுக்கொன்று பக்கத்திலுள்ள கிராமங்களின் பெயர்கள். கப்ரியேர் பண்ணைக்குப் பெயர் வைத்த பியேர் ஜூர்தான் அந்தப் பக்கத்து ஆள். அந்தக் கிராமங்களுக்கும் தனிச் சரித்திரம் உண்டு. 1545 ஏப்ரலில் வால்தென்சியர்கள் என்ற பழைய சீர்திருத்தக் கூட்டத்தார் அங்கே கொத்துக்கொத்தாகக் கொல்லப்பட்டார்கள். 1688இல் கப்பலேறியவர்களில் சிலர் அந்தக் கொலைக்குத் தப்பியவர்களின் வழி வந்தவர்கள்.

கம்பெனியின் ஏடுகளில் எனக்கு மிகவும் பிடித்தது 1690இன் உதவிப் பட்டியல். வந்தவர்களின் வறுமையைக் கேள்விப்பட்டு, இன்றைய ஜகார்த்தாவான படாவியாவின் ஏழைகள் நிதியிலிருந்து 6,000 ரிக்ஸ் டாலர் வந்தது. அதைக் குடும்பம் குடும்பமாகப் பங்கிட்டதைப் பதிந்த காகிதம், அந்த ஆண்டில் யார் உயிரோடு இருந்தார், யார் விதவை, யாருக்கு எத்தனை வாய் என்பதைக் காட்டிவிடுகிறது. தர்மப் பணத்தின் கணக்கு குடிமதிப்பு ஆகிவிட்டது.

அதற்கடுத்தது ‘அநாதைகள் சபை’ என்ற அரசு அலுவலகத்தின் சொத்துப் பட்டியல். கணவனோ மனைவியோ இறந்து வயது வராத பிள்ளைகள் இருந்தால், அவர்களின் பங்கைக் காக்க அதிகாரிகள் வீட்டுக்கு வந்து அறை அறையாக எழுதுவார்கள். முன்கூடத்தில் மேசை, நாற்காலி, கட்டில். சமையலறையில் செப்புப் பாத்திரம், இரும்புச் சட்டி. நிலவறையில் ஒயின் பீப்பாய்கள். வெளியே மாடு, ஆடு, வண்டி. அதே வரிசையில், அதே மையில், அடிமைகளின் பெயரும் அவர்கள் வந்த இடமும்: வங்காளம், மலபார், சோழமண்டலக் கரை, இலங்கை, மடகாஸ்கர். மேலே பிள்ளைகளின் பெயரும் வயதும் இருக்கும். ஒரே தாளில் ஒரு குடும்பத்தின் வாரிசுகளும், அந்தக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய உழைப்பாளிகளும். இவற்றில் பெரும்பகுதியை எழுத்துப் பெயர்த்து இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறார்கள்.

இந்த ஏடுகளையும் சபைப் பதிவுகளையும் கோத்து, 1893–94இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது கிறிஸ்டோஃபல் குட்சே டி வில்லியர்ஸ் தொகுத்த முனைக் குடும்பங்களின் வம்சாவளி. அவர் அது அச்சாவதற்கு முன்பே காலமாகிவிட்டார். ஹியூகனோ வம்சத்தவரான அவர் கையாண்ட எண் முறைதான் தென்னாப்பிரிக்காவில் இன்றும் வழக்கு. கரையிறங்கிய முதல்வர் ‘ஏ’, பிள்ளைகள் ‘பி’, பேரன் பேத்திகள் ‘சி’. பி2 சி4 என்றால் முதல்வரின் இரண்டாவது பிள்ளையின் நான்காவது பிள்ளை. கெட்டிக்காரத்தனமான முறைதான். ஆனால் அது தகப்பன் வழியில் மட்டுமே இறங்குகிறது. தாய்களெல்லாம் அடைப்புக்குறி ஓரத்தில் நின்றுவிடுகிறார்கள். மறைந்துபோனது அத்தனையும் அங்கேதான் மறைந்தது.

உதாரணத்துக்கு ஓஸ்டர்லாண்ட் கப்பலில் வந்த ஜாக் த சவ்வா. பிரான்ஸ் மன்னரின் குடி அல்ல. இன்றைய பெல்ஜியத்தில், அப்போது ஸ்பெயினின் ஆட்சியிலிருந்த ஆத் நகரத்துக்காரர். அங்கேயே கென்ட் நகரில் (இங்கிலாந்தின் கென்ட் அல்ல) பெரிய வியாபாரியாக இருந்து, மத உபத்திரவத்தால் வெளியேறியவர். முனையில் ஹியூகனோக்களின் தலைவர்களில் ஒருவரானார். சபைப் போதகர் பியேர் சிமோனோடு அவர் போட்ட சண்டை ஊரையே இரண்டாக்கியது. (அந்தச் சண்டையாலும் நமக்கு லாபம். புகார், மறுப்பு, சாட்சி என்று காகிதம் குவிந்திருக்கிறது.) அவருடைய மகள் மார்கரித் தெரேஸுக்கு வந்திறங்கியபோது வயது 17. 1690 வாக்கில் அவள் மணந்துகொண்டது கிறிஸ்டோஃபல் ஸ்னைமன் என்ற உள்ளூர் இளைஞனை.

கிறிஸ்டோஃபல் 1669இல் முனையில் ஞானஸ்நானம் பெற்றவன். அவனுடைய அப்பா ஒரு ஐரோப்பியச் சிப்பாய். அம்மாவை ஏடுகள் ‘பழவேற்காட்டுப் பெரிய கத்ரைன்’ என்று சொல்கின்றன. சென்னைக்கு வடக்கே, டச்சுக்காரர்கள் 1613இல் கெல்ட்ரியா கோட்டை கட்டிய அதே பழவேற்காடு. அங்கிருந்து அடிமையாகப் படாவியாவுக்குக் கொண்டுபோகப்பட்டவள். 1656இல், தன்னை அடித்த காதலனைத் திருப்பித் தாக்கியதில் அவன் இறந்துபோக, அவளுக்கு மரண தண்டனை விதித்தார்கள். பிறகு அதைக் குறைத்து, ஆயுள் முழுக்க நன்னம்பிக்கை முனைக்கு நாடுகடத்தினார்கள். 1657இல் அங்கே வந்து சேர்ந்தாள். முனைக்குக் கைதியாக அனுப்பப்பட்ட முதல் பெண் அவள்தான். பின்னாளில் வங்காளத்திலிருந்து அடிமையாக வந்து விடுதலை பெற்ற அந்தோணி என்பவரை மணந்துகொண்டாள். பிரெஞ்சு மருமகள் வருவதற்குள் காலமாகிவிட்டாள்.

இன்று ஸ்னைமன் என்ற பெயருள்ள ஆயிரக்கணக்கான ஆஃப்ரிகானர்களுக்கு (ஆஃப்ரிகான்ஸ் மொழி பேசும் தென்னாப்பிரிக்க வெள்ளையர்) கத்ரைன்தான் ஆதிப் பாட்டி. 1705 வாக்கில் கிறிஸ்டோஃபல் இறந்தபிறகு, மார்கரித் தெரேஸ் 1707இல் ஹென்னிங் ஃபில்யூனை மறுமணம் செய்துகொண்டாள். அந்தக் கல்யாணத்துப் பிள்ளைகளுக்கு த சவ்வா தாத்தா உண்டு, பழவேற்காட்டுப் பாட்டி கிடையாது. ஆனால் ஸ்னைமன் பிள்ளைகளின் பேத்திகள் வேறு வேறு ஹியூகனோ வீடுகளுக்குள் கல்யாணம் செய்துகொண்டு போனார்கள். எந்தக் கல்யாணத்துப் பிள்ளை என்று பார்க்காமல் ‘நாங்கள் கலப்பில்லாத பிரெஞ்சு’ என்றோ, ‘எங்களுக்கும் இந்தியப் பாட்டி உண்டு’ என்றோ சொல்லிவிடக்கூடாது. கத்ரைன் ஒருத்தியோடு இது முடியவில்லை. பாசன் குடும்பத்துக்கு வங்காளத்து ஆஞ்சலா இருக்கிறாள்.

இதெல்லாம் ஏட்டில் எப்போதும் இருந்ததுதான். ஆனால் 1949இல் கலப்புத் திருமணத்தைத் தடைசெய்து, 1950இல் ஒவ்வொரு குடிமகனையும் இனவாரியாகப் பதிவு செய்த நாட்டில், ஒரு பாட்டியின் ஊர் என்பது வேலை, வீடு, பிள்ளையின் பள்ளி எல்லாவற்றையும் தொட்ட விஷயம். தெரிந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அதே காலத்தில் ஃபிரான்ஷூக்கில் ஹியூகனோ நினைவுச்சின்னம் எழுந்தது. 1948இல் அதன் திறப்பு விழா, அதே ஆண்டில் இனவெறி அரசு ஆட்சிக்கு வந்தது. மறுபக்கம், ‘கலப்பினத்தார்’ என்று முத்திரை குத்தப்பட்ட குடும்பங்களிலும் டி வில்லியர்ஸ், தெரோன், மரே என்ற பெயர்கள் ஏராளம். சட்டப்படி கல்யாணம் நடக்காத உறவுகளில் பிறந்தவர்களுக்கு அநாதைகள் சபையின் ஏட்டில் வாரிசாக இடமில்லை. அவர்களுடைய தேடலுக்குத் தேவாலயத்தின் ஞானஸ்நான ஏடும், 1834இல் அடிமை ஒழிப்பை ஒட்டி எழுதப்பட்ட பதிவேடுகளும்தான் கைகொடுக்கும்.

மரபணுச் சோதனை இப்போது இந்த மௌனத்தை உடைக்கிறது. 2020இல் 77 ஆஃப்ரிகானர்களை வைத்துச் செய்த ஆய்வில், அவர்களுடைய மரபணுவில் சராசரியாக 4.7 சதவீதம் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்தது என்று தெரிந்தது. அதில் தெற்காசியப் பங்கும் கணிசம். ஆனால் பிரான்சிலுள்ள உறவைக் கண்டுபிடிக்க இந்தச் சோதனையை ரொம்ப நம்பக்கூடாது. வம்சாவளிக்காகத் தனியார் மரபணுச் சோதனை செய்துகொள்வது பிரான்சில் சட்டப்படி குற்றம், 3,750 யூரோ வரை அபராதம். ஆகவே ஒப்பிட்டுப் பார்க்க அங்கிருந்து ஆட்கள் குறைவு. பிரான்சுப் பக்கத்துக்குக் காகிதம்தான் கதி. மாவட்ட ஆவணக் காப்பகங்கள் பழைய பதிவேடுகளை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கின்றன. 1685க்கு முந்தைய புரொட்டஸ்டன்ட் ஏடு தொலைந்துபோயிருந்தாலும், நோட்டரிகளின் பத்திரங்களும், ஓடிப்போனவர்களிடம் பறிமுதல் செய்த சொத்துக் கணக்கும் இருக்கக்கூடும். பிந்தையது பாரிஸ் தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘டிடி’ (TT) என்ற வரிசையில் இருக்கிறது. ஓடிப்போன அண்ணனின் நிலத்தைக் கேட்டு, மதம் மாறித் தங்கிவிட்ட தம்பி போட்ட மனுவிலிருந்து குடும்பம் முழுவதும் பிடிபடுவது உண்டு.

கத்ரைனின் வழியில் பின்னே போக நினைப்பவருக்கு இந்த வசதிகள் இல்லை. அடிமையின் பெயரோடு வரும் ஊர் பெரும்பாலும் பிறந்த ஊர் அல்ல, கப்பலேற்றிய துறைமுகம். பஞ்சத்திலும் போரிலும் விற்கப்பட்டவர்கள் உள்நாட்டுக் கிராமங்களிலிருந்து கரைக்கு வந்தவர்கள். எனவே அவள் தாய்மொழி தமிழா தெலுங்கா என்பதைக்கூடப் ‘பழவேற்காடு’ என்ற சொல்லை வைத்து முடிவு செய்யமுடியாது. கம்பெனியின் ஆவணங்கள் ஹேக், கேப் டவுன், ஜகார்த்தா, கொழும்பு, சென்னை ஆகிய ஐந்து நகரங்களில் பிரிந்து கிடக்கின்றன. 2003இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் டச்சு ஏடுகளில் பெரும்பகுதி கொச்சி, மலபார் நிர்வாகத்துடையது. சோழமண்டலக் கரையிலிருந்து படாவியாவுக்கும், அங்கிருந்து ஹாலந்துக்கும் போன கடிதங்களைத் தேட ஹேக் காப்பகம்தான் இடம். அவற்றின் படங்கள் இப்போது இணையத்தில் கிடைக்கின்றன. பதினேழாம் நூற்றாண்டு டச்சுக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்திருக்கவேண்டும்.